தகுதி: இல்லை

கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் உயர்நிலை நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் இருந்தது. புத்தகம் இருந்தது, ஆய்வுகூடம் இருந்தது, கண்ணில் ஏதாவது தெறித்தால் கழுவுவதற்கென்று சுவரில் தனியாக ஒரு குழாய்கூட இருந்தது. செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பாடத்துக்கு மணி தவறாமல் அடித்தது. ஆசிரியர் மட்டும்தான் இல்லை.

குணேஸ்வரிக்கு இது செப்டம்பர் முதற் கிழமையே தெரிந்துவிட்டது. மகள் தாட்சாயினி கொண்டுவந்த நேரசூசியில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஆசிரியரின் பெயர் இருந்தது. விஞ்ஞானத்துக்கு எதிரே 'ஆ வ்னீர்' என்று போட்டிருந்தது. துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த ஆனந்தராசா அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆ வ்னீர்... உவர் எந்த நாட்டு ஆள், பிள்ளை? லெபனான்காரரோ?"

"அப்பா, அது பேர் இல்லை. பிரெஞ்சில 'இனித்தான் வருவார்' எண்டு அர்த்தம்."

"ஓ. எப்ப வருவாராம்?"

அது தாட்சாயினிக்கும் தெரியவில்லை. அதிபருக்கும் தெரியாது என்பது பிறகு தெரியவந்தது.

ஆசிரியர் வரவில்லை என்பதற்காக வகுப்பைச் சும்மா விடுகிற பள்ளிக்கூடம் அல்ல அது. முதல் மூன்று கிழமையும் நாடகம் படிப்பிக்கிற ஆசிரியை வந்தார். அவர் பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கைகோத்து நிற்கவைத்தார். நடுவில் நிற்பவர் ஒட்சிசன், இரு பக்கமும் ஐதரசன். தாட்சாயினி மூன்று கிழமையாக இடது பக்க ஐதரசனாக நின்றாள். பிறகு நூலகர் வந்து, புத்தகத்தைத் திறந்து மனதுக்குள் படிக்கச் சொன்னார். பிறகு அச்சு இயந்திரம் திருத்த வந்த ஒரு மனிதர் அறை மாறி உள்ளே வந்துவிட்டார். செயலாளர் அவரையே புது ஆசிரியர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் இரண்டு பாடம் எடுத்தார். நிலைமின்னால் கடதாசி ஏன் ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்று விளங்கப்படுத்தினார். அந்தத் தவணை முழுவதிலும் பிள்ளைகள் எதையாவது படித்தது அந்த இரண்டு பாடத்திலும்தான். மூன்றாவது பாடத்துக்கு முன் அவருடைய கொம்பனி தொலைபேசி எடுத்து ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

நவம்பரில் றிப்போட் வந்தது. விஞ்ஞானத்துக்கு எழுபத்தெட்டு.

"பக்கத்து வீட்டு டினோஜனுக்கு எவ்வளவு?" என்று குணேஸ்வரி கேட்டாள்.

"அவனுக்கும் எழுபத்தெட்டு அம்மா. வகுப்பில இருபத்தாறு பேருக்கும் எழுபத்தெட்டு."

குணேஸ்வரி கோபக்காரி அல்ல. உறைந்த பீஸா செய்கிற தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தும் ஒருநாள்கூட மேற்பார்வையாளரோடு சத்தம் போட்டதில்லை. ஆனால் கனடாவுக்கு வருமுன் மானிப்பாயில் பெண்கள் பாடசாலை ஒன்றில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள். அமிலம் வராத வருடம் தேசிக்காய்ப் புளியை வைத்துப் பரிசோதனை காட்டியிருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு அரைப் புள்ளி கூடப் போடுவதா, வேண்டாமா என்று விடைத்தாளை இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இருபத்தாறு எழுபத்தெட்டை அவளால் பொறுக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. யூன் மாதம் மாகாணம் முழுவதற்குமான பரீட்சை. விஞ்ஞானத்தில் தவறினால் பள்ளிச் சான்றிதழே கிடையாது. அந்தப் பரீட்சைத்தாள் எழுபத்தெட்டு என்று தானாகப் போட்டுக்கொள்ளாது.

ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு அதிபரைப் பார்க்கப் போனாள். அதிபர் மதாம் பெல்றோஸ் எழுந்து நின்று கைகொடுத்து, கதிரையைக் காட்டினார். புது நாட்டுக்காரருக்கான வகுப்பில் பொறுக்கிச் சேர்த்து, பன்னிரண்டு வருடமாகக் கடைகளிலும் பஸ்ஸிலும் தீட்டிய பிரெஞ்சில் குணேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள்.

மதாம் பெல்றோஸ் பொறுமையாகக் கேட்டார். "மதாம், எங்கள் பள்ளிக்கூடம் சிறியது. ஆனால் ஆசிரியர்களைத் தக்கவைப்பதில் இந்த வட்டாரத்திலேயே நாங்கள் முன்னணி. கடந்த இரண்டு வருடத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியர்கூட எங்களை விட்டுப் போகவில்லை."

"இருந்தால்தானே போவதற்கு?"

"அது வேறு அட்டவணை."

"சரி, இந்த எழுபத்தெட்டு எங்கேயிருந்து வந்தது?"

"ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து. போன வருடச் சராசரி எழுபத்துநாலு. வருடத்துக்கு நாலு புள்ளி உயர வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் முதல் தவணையிலேயே இலக்கை எட்டிவிட்டார்கள். ஆசிரியர் இல்லாமலே. நீங்கள் மகளை நினைத்துப் பெருமைப்பட வேண்டும்."

"ஒரு சோதனையும் வைக்கவில்லையே."

"அதனால்தான் ஒருவரும் தவறவில்லை."

குணேஸ்வரி கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு, "நான் படிப்பிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மதாம் பெல்றோஸின் முகம் மலர்ந்தது. "அருமை! ஆள் கிடைப்பதே பெரும்பாடு. மூச்சு விடுகிற எவரையும் எடுக்கலாம் என்று மேலிடமே சொல்லிவிட்டது. திங்கட்கிழமை வர முடியுமா?"

"முடியும். என்னிடம் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. கற்பித்தல் டிப்ளோமாவும் இருக்கிறது. பதினொரு வருட அனுபவம்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. யாரோ செத்துப்போனதைக் கேட்டவர் போல அதிபர் கதிரையில் சாய்ந்தார். "ஐயோ, மதாம். அப்படியென்றால் சிக்கல்."

சிக்கலை அவர் நிதானமாக விளங்கப்படுத்தினார். தகுதி இல்லாதவரை 'நெகிழ்வு முறை'யில் உடனே எடுக்கலாம். தகுதி உள்ளவர் என்றால் அந்தத் தகுதி இந்த நாட்டுத் தகுதிக்குச் சமமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடதாசிகளைச் சேர்த்து ஒரு கோவை திறக்க வேண்டும். பதினான்கு மாதம் எடுக்கும், சில வேளை இருபது. கோவை திறந்திருக்கும்வரை அவரை எந்த வகுப்புக்கும் அனுப்ப முடியாது. அவர் தகுதியானவரா இல்லையா என்பது இன்னும் தெரியாதே!

"தெரியும் என்றால் எடுக்க மாட்டீர்கள். தெரியாது என்றால் எடுப்பீர்கள்?"

"இப்படிச் சொன்னால் கேட்பதற்குக் கடுமையாக இருக்கிறது, மதாம்." அதிபர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மெல்ல அவள் பக்கம் தள்ளினார். "நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதில் மூன்று பெட்டி இருக்கிறது. பட்டம், பயிற்சி, அனுபவம். பலர் மூன்றிலும் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் வருவதில்லை."

படிவம் இரண்டு நாள் குசினி மேசையில் கிடந்தது. ஆனந்தராசா அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா, பொய் எழுதப் போறீரோ?"

"பொய்யெண்டு சொல்லாதேங்கோ. நெகிழ்வாம்."

"பதினொரு வருசத்தை இல்லையெண்டு எழுதிறதோ? ஆராவது தனக்கு ஒண்டும் தெரியாதெண்டு கையெழுத்து வைச்சு வேலைக்குப் போவினமே?"

"அப்ப நான் என்ன செய்ய? உவள் யூனில எழுத வேணும். பதினாலு மாசத்தில எனக்குக் கடிதம் வரேக்க, அவள் பெயிலாகி அரை வருசம் ஆகிடும்."

தாட்சாயினி அறைக்குள்ளிருந்து, "அம்மா, நீங்கள் வந்தால் என்ர பிரெண்ட்ஸ் எல்லாரும் பாப்பினம்," என்று கத்தினாள். அவளுக்கு அதுதான் கவலை.

சனிக்கிழமை காலை குணேஸ்வரி பேனையை எடுத்து மூன்று பெட்டியிலும் 'இல்லை' என்று எழுதினாள். முதல் இரண்டையும் விறுவிறென்று எழுதினாள். அனுபவம் என்ற பெட்டியில் மட்டும் பேனை நின்றது. அன்றே பீஸாத் தொழிற்சாலைக்கும் வேலையை விடுவதாக அறிவித்தாள்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, பழைய பழக்கத்தில் தலையை இறுக்கி வாரிக்கொண்டு போய் நின்றாள். செயலாளர் ஜிசேல் அவளுடைய உடுப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதோடா ஓடப் போகிறீர்கள்?"

எல்லாம் போன வெள்ளிக்கிழமைதான் மாறியிருந்தது. விஞ்ஞானம் பரீட்சைப் பாடம். ஆகையால் அதை நிரந்தர ஆசிரியரிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அறிவுறுத்தல் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கையில் பாடம் குறைவாக இருந்த ஒரே நிரந்தர ஆசிரியர் உடற்கல்வி படிப்பிக்கிற பஸ்கால். அவரை விஞ்ஞானத்துக்கு மாற்றியாயிற்று. இப்போது காலியாக இருப்பது உடற்கல்வி.

"நான் விஞ்ஞானத்துக்கல்லவா வந்தேன்?" என்றாள் குணேஸ்வரி.

ஜிசேல் படிவத்தைப் புரட்டினார். "விஞ்ஞானம் தெரியும் என்று இதில் எங்கும் இல்லையே, மதாம்."

இப்படித்தான் நாற்பத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் குளிர் தொடங்கினால் நோகிற குணேஸ்வரி, நீல ட்ராக் சூட் போட்டு உடற்பயிற்சி மண்டபத்துக்கு நடுவில் நின்றாள். ஹொக்கி அவளுக்குத் தெரியாது. கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் தெரியாது. தெரிந்தது, பாடசாலைக் காலத்தில் ஆடிய வலைப்பந்து. அதையே ஆடவைத்தாள். பிள்ளைகள் அதை ஏதோ புது ஒலிம்பிக் விளையாட்டு என்று நினைத்து ஆர்வமாக ஆடினார்கள். தாட்சாயினி மட்டும் வகுப்பறை நடையில் அம்மாவைக் கண்டால், சுவரில் இருக்கிற அறிவித்தலைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினாள்.

பஸ்கால் நல்ல மனிதர். முப்பத்திரண்டு வயது, கதவு அளவு தோள். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை மூலையில் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் தாங்கியபடி இருப்பார். குணேஸ்வரி மூன்று நாள் பார்க்காத மாதிரி இருந்தாள். நாலாம் நாள் அவருடைய கொப்பியில் தண்ணீருக்கு எழுதியிருந்த சூத்திரம் கண்ணில் பட்டது. அவள் குனிந்து, பென்சிலை வாங்கி, ஒரு எண்ணை அழித்து இடம் மாற்றி எழுதினாள்.

பஸ்கால் நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "மோல் என்றால் என்ன, மதாம்? எனக்கு அழுகையே வருகிறது," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் அவள் அவருக்குப் படிப்பித்தாள். அவர் அதைப் பின்னேரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். வீட்டில் தாட்சாயினி சொன்னாள்: "அம்மா, மிஸ்ஸியே பஸ்கால் பாதிப் பாடத்தில நிண்டு, 'ஒரு நிமிசம்' எண்டு சொல்லி வெளியால போறார். பேந்து ஓடி வந்து மிச்சத்தைச் சொல்லுறார். எங்க போறார்?"

அவர் மிச்சத்தைக் கேட்க உடற்பயிற்சி மண்டபத்துக்குத்தான் வந்தார். மாசி மாதம் ஒருநாள் ஒரே பாடத்தில் மூன்றாவது தடவையாக மூச்சு வாங்க வந்து நின்றவர், குணேஸ்வரியின் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டார். "நீங்களே போங்கள், மதாம். நான் இங்கே நிற்கிறேன். இதுதான் எனக்குத் தெரிந்த வேலை."

குணேஸ்வரி ட்ராக் சூட்டோடு ஆய்வுகூடத்துக்குள் போனாள். சோக்கட்டி விரலில் பட்டதும் முழங்கால் நோ தெரியவில்லை. அடுத்த பாடத்துக்கும் போனாள். மார்ச் மாதம் அவள் வைத்த சோதனையில் வகுப்புச் சராசரி ஐம்பத்தொன்பது வந்தது. ஏப்ரலில் அறுபத்தைந்து. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் இரண்டு மாதம் ஒரு சொல் வெளியே விடவில்லை. தாட்சாயினிகூட நடையில் கண்டால் தலையாட்டத் தொடங்கினாள்.

புள்ளிகள் கணினியில் ஏறியதும் மேலிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆசிரியர் இல்லாதபோது எழுபத்தெட்டு எடுத்த வகுப்பு, ஆசிரியர் வந்தபின் ஐம்பத்தொன்பதுக்கு விழுந்திருக்கிறது! என்ன கேடு நடந்தது என்று பார்க்க, கல்வி அலுவலகத்திலிருந்து மிஸ்ஸியே கார்னோ என்பவர் காரில் வந்து இறங்கினார். மதாம் பெல்றோஸ் அவரை நேரே விஞ்ஞான அறைக்குக் கூட்டிவந்து கதவைத் திறந்தார்.

கரும்பலகை நிறையச் சமன்பாடு. முன்னால் ட்ராக் சூட்டில் குணேஸ்வரி. ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதாம் பெல்றோஸ் வாயைப் பொத்தினார். ஆனால் மிஸ்ஸியே கார்னோ கடைசி வாங்கில் உட்கார்ந்து பாடம் முடியும்வரை கேட்டார். பிறகு எழுந்து, அலுவலகத்திலிருந்து எடுப்பித்த குணேஸ்வரியின் கோவையை விரித்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைகளே, இந்த மதாமைப் பாருங்கள். பட்டம் இல்லை. பயிற்சி இல்லை. அனுபவம் இல்லை. இவரை உடற்பயிற்சி படிப்பிக்கத்தான் எடுத்தோம், அதுவும் இவருக்குத் தெரியாது. ஆனால் இன்று என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடத்தைக் கேட்டேன்! நான் பத்து வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். ஆசிரியருக்கு எதற்கு நாலு வருடப் பயிற்சி? எதற்குப் பல்கலைக்கழகம்? நம்முடைய நெகிழ்வு முறை ஒன்றே போதும். மதாம், உங்களை ஒரு வீடியோ எடுக்க வேண்டும். மாகாணம் முழுக்கக் காட்டுவோம். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்: 'எனக்கு ஒன்றுமே தெரியாமல் வந்தேன்.'"

அவர் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தார்.

குணேஸ்வரி கையிலிருந்த சோக்கட்டியை வைத்தாள். படிவத்தில் எழுதியது ஒருவரும் பார்க்காத குசினியில். இங்கே இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாவது வாங்கில் தாட்சாயினி, பேனையை மூடக்கூட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பதினொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தேன்," என்றாள் குணேஸ்வரி. "பட்டமும் இருக்கிறது. படிவத்தில் எழுதியது பொய்."

கைத்தொலைபேசி மெல்லக் கீழே இறங்கியது.

அதிபரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மிஸ்ஸியே கார்னோ உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தார். "மதாம், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் இன்றைக்கே நிரந்தரமாக்க எழுதியிருப்பேன். தெரியாத ஒருவரை நாங்கள் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டு தெரியாது என்பவரை எப்படி நம்புவது?"

"தெரியாது என்று எழுதச் சொன்னது..." குணேஸ்வரி அதிபரைப் பார்த்தாள்.

மதாம் பெல்றோஸ் சன்னலைப் பார்த்தார். "நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, மதாம். அதை அப்போதே சொன்னேன்."

பணிநீக்கக் கடிதம் வியாழக்கிழமை மதியம் கைக்கு வந்தது. கீழே கையொப்பமிட்டு, அதே கடிதத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குணேஸ்வரி அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி பஸ் தரிப்பில் வந்து நின்றாள். பீஸாத் தொழிற்சாலையில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஏப்ரல் முடியப்போகிறது, ஆனாலும் தெருவோரத்தில் அழுக்குப் பனி கரையாமல் கிடந்தது. காலால் அதை ஒரு உதை விட்டாள். முழங்காலில் சுரீர் என்றது.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். பஸ்கால். குளிர்ச்சட்டை இல்லை.

"மதாம், மன்னியுங்கள். என்னைத் திரும்ப விஞ்ஞானத்துக்குப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் பாடம். புரொப்பேன் எரிகிற சமன்பாடு... ஒட்சிசனுக்கு முன்னால் என்ன எண்?"

"ஐந்து."

"ஏன் ஐந்து? பிள்ளைகள் இப்போது ஏன் என்று கேட்கிறார்கள். நீங்கள் வந்தபிறகுதான் இந்தப் பழக்கம்."

பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி இருவரையும் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். குணேஸ்வரிக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸையா, பஸ்காலையா, பள்ளிக்கூடத்தையா திட்டுவது என்று தெரியவில்லை. "போங்கோ, போங்கோ," என்று சாரதிக்குத் தமிழிலேயே கையைக் காட்டினாள். தரிப்புக் கண்ணாடியில் கடிதத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் பின்பக்கத்தில் காபனை எண்ணி, ஐதரசனை எண்ணி, கடைசியில் ஒட்சிசனுக்கு வந்து, ஏன் ஐந்து என்று எழுதிக் காட்டினாள். கூடவே அடுத்த பாடத்துக்கும் இரண்டு சமன்பாடு எழுதினாள். பஸ்கால் கடதாசியைப் பறித்துக்கொண்டு வந்த வழியே ஓடினார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஜிசேல் தொலைபேசி எடுத்தார்.

"மதாம், கையொப்பமிட்ட கடிதம் இன்னும் வரவில்லை."

"என்னிடம் இல்லை. இன்னொன்று தாருங்கள்."

"ஒரு ஆளுக்கு ஒரு கடிதம்தான். மறுபிரதி வேண்டுமென்றால் முதற் பிரதியைத் திருப்பித் தர வேண்டும். அது வரும்வரை பணிநீக்கம் நடைமுறைக்கு வராது. திங்கட்கிழமை எட்டேகாலுக்கு உங்களுக்கு உடற்கல்விப் பாடம் போட்டிருக்கிறது. வராவிட்டால் அறிவிக்காத விடுமுறை."

"கடிதம் இப்போது எங்கே?"

ஜிசேல் குரலைத் தாழ்த்தினார். "விஞ்ஞான அறைக் கரும்பலகையில் ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் தெரிய. அதிபர் இன்று பார்த்தார். பஸ்கால் நன்றாக முன்னேறிவிட்டார் என்று பாராட்டினார்."

ஆனந்தராசா குசினி வாசலில் நின்று என்னவென்று சைகையால் கேட்டார். குணேஸ்வரி பொறுங்கோ என்று கையைக் காட்டினாள்.

"வகுப்பு அதைப் பார்த்து முடித்ததும் கையொப்பம் வைத்துத் தருகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

"எழுதுகிறேன். எந்தத் திகதி என்று போடட்டும், மதாம்?"

"யூன் மாதம் போடுங்கள்," என்றாள் குணேஸ்வரி. "பரீட்சைக்கு அடுத்த நாள்."